சீகிரியாவில் விழாவும் வழிபாடும்

வழிபாட்டையும் மகிழ்ச்சியையும் பிரித்துக் காண்பது அரிது. மலரும் விளக்கும், இசையும் கூத்தும், புத்தாடையும் பெருஞ்சோறும் இல்லாத திருவிழா எந்நாட்டிலும் இல்லை. ஆயினும், ஒருவன் கையில் ஏந்திய மலர் தூயதாயிருக்க, அவன் கை தூயதாயில்லாதவிடத்து அவ்விழாவை ஏற்பவர் யார் என்னும் வினா மிகப் பழையது. பாலஸ்தீனத்து எபிரேயத் தீர்க்கதரிசிகள் கிறித்துவுக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இவ்வினாவை எழுப்பினர். ஈழநாட்டில் கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில், மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாக் குன்றின்மீதிருந்து அரசுபுரிந்த மன்னனொருவனின் வாழ்க்கையில் இதே வினா உயிருள்ள வரலாறாக எழுந்தது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்வது பயனுடைத்து.

குன்றும் கோமகனும்

சுற்றியுள்ள சமவெளியினின்றும் ஏறக்குறைய 200 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்பது சீகிரியா. சிங்ககிரி என்பதே இப்பெயரின் பொருள். குன்றின் வடபுறத்து மேடையில் செங்கல்லாலும் சாந்தாலும் ஆக்கப்பட்ட பேருருச் சிங்கத்தின் பாதங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. அச்சிங்கத்தின் வாயினூடாகவே பழங்காலத்தில் உச்சிக்குச் சென்றனர் என்பர். மேற்கே நீர்ப்பூங்காக்களும் அகழிகளும், உச்சியில் அரண்மனை அடித்தளங்களும் பாறையில் வெட்டிய குளமும் உள்ளன. இவற்றையெல்லாம் ஆக்குவித்தோன் முதலாம் காசியப்பன் எனச் சூளவமிசம் கூறும். அவன் ஆட்சிக்காலம் கி. பி. 473 முதல் 491 வரை எனப் பலரும் கொள்வர்; சிறிது பின்தள்ளிக் கணிப்போரும் உளர். எனினும் இக்குன்றின் வரலாறு அவனோடு தொடங்கவில்லை. அடிவாரத்துக் குகைகளிற் காணும் பிராமிக் கல்வெட்டுகள், கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே பிக்குகள் ஈண்டு உறைந்தமைக்குச் சான்றாவன.

காசியப்பனின் தந்தை தாதுசேனன், ஈழத்து நீர்ப்பாசன வரலாற்றில் அழியாப் புகழ் பெற்றவன். கலாவாவியைக் கட்டுவித்தவன் அவனே. அவ்வாவியினின்று அநுராதபுரத்துத் திசாவாவிக்கு நீர் கொண்டுசெல்லும் ஜயகங்கை என்னும் கால்வாய் 54 மைல் நீளமுடையது. அதன் முதல் 17 மைல்களில் மைலுக்கு ஆறங்குலமே சரிவு என அளந்தறிந்தோர் வியந்து கூறுவர். இத்தகைய மன்னனுக்கு ஒத்த குலத்தாளிடத்துப் பிறந்தவன் மொகல்லானன். ஒவ்வாக் குலத்தாளிடத்துப் பிறந்தவன் காசியப்பன். அரசனின் மகளை மணந்தவன் அவனது மருகனும் சேனாபதியுமான மிகாரன். மிகாரன் குற்றமற்ற தன் மனைவியைக் கசையால் அடித்தான். அதனையறிந்த தாதுசேனன் வெகுண்டு மிகாரனின் தாயை எரித்துக் கொல்வித்தான். பகை மூண்டது. மிகாரனின் தூண்டுதலாற் காசியப்பன் தந்தையைச் சிறைப்படுத்தி அரசைக் கவர்ந்தான். மொகல்லானன் இந்தியாவுக்குத் தப்பியோடினான்.

தந்தை செல்வத்தை மறைத்து வைத்துள்ளான் என மிகாரன் சொல்ல, அஃது எங்குள்ளது எனக் காசியப்பன் வினவியனுப்பினான். தாதுசேனன் கலாவாவிக்குச் சென்று, நீராடி, அந்நீரைக் காட்டித் தன் செல்வம் இதுவே என்றான் என்று சூளவமிசம் உரைக்கும். அதன்பின் அவனை ஆடை களைந்து, விலங்கிட்டு, சுவரில் வைத்துக் கட்டி மூடினர். ஈழத்து வரலாற்று நூல்களில் இதனினும் துயரம் மிக்க பகுதி வேறொன்றைக் காட்டுதல் எளிதன்று. தம்பி படையொடு திரும்புவான் என்னும் அச்சமும், செய்த வினை பற்றிய அச்சமும் ஒருங்கே காசியப்பனைச் சீகிரியாக் குன்றுக்குச் செலுத்தின.

அக்கால விழாக்கள்

இம்மன்னன் வாழ்ந்த காலத்து ஈழம் விழாக்களால் நிறைந்திருந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் ஈராண்டு தங்கிய சீன யாத்திரிகர் பாகியன், அநுராதபுரத்துத் தந்ததாது விழாவைக் கண்டு எழுதிவைத்துள்ளார். விழாவுக்குப் பத்து நாள் முன்னரே அரசனின் ஆள் அலங்கரித்த யானைமீதேறி, பேரிகை முழக்கி, புத்தர் பெருமானின் பிறவிகளையும் தியாகங்களையும் எடுத்துக்கூறி விழாவை அறிவிப்பான். வீதியின் இருமருங்கும் போதிசத்துவரின் ஐந்நூறு பிறப்புகளைக் காட்டும் உருவங்கள் வண்ணந்தீட்டி நிறுத்தப்படும். அவற்றின் நடுவே தாது அபயகிரி விகாரைக்கு எழுந்தருளும். அங்கே தொண்ணூறு நாள் வழிபாடு நடக்கும். இரவும் பகலும் விளக்கும் நறும்புகையும் ஓயா.

இக்காட்சியைக் கண்டவர் பாகியன்; காசியப்பன் முடிசூடியது அதற்கு அறுபது ஆண்டுகளின் பின். எனவே, காசியப்பன் வளர்ந்த நகரம் வீதியையே ஓவியச்சாலையாக்கி வழிபட்ட நகரம். விழாவெடுப்பது அரசனின் கடன் மட்டுமன்று. அவன் அறவழி நிற்கும் அரசன் என்பதை மக்கள் ஏற்றுக்கொண்டமைக்கு அதுவே அடையாளமுமாயிற்று. ஆகவே, முறைதவறி அரியணை ஏறியோனுக்கு விழா இருவகையில் வேண்டியதாயிற்று: ஒன்று மனத்தின் அமைதிக்கு; மற்றொன்று முடியின் உறுதிக்கு.

மலரேந்திய மகளிர்

சீகிரியாவை உலகறியச் செய்தவை அதன் ஓவியங்களே. குன்றின் மேற்புறத்தில், நிலத்துக்கு வெகு உயரத்தே, பாறைக் குடைவுகளில் இருபதளவான பெண்ணுருவங்கள் எஞ்சியுள்ளன. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகிய வண்ணங்கள் பதினைந்து நூற்றாண்டு கழிந்தும் ஒளிகுன்றவில்லை. பலர் இணையிணையாக உள்ளனர்: பொன்னிற மேனியாள் ஒருத்தி, மலர்த்தட்டு ஏந்திய கருநிறத்தாள் ஒருத்தி. சிலர் விரல்நுனியில் ஒற்றை மலரைப் பற்றியுள்ளனர்; சிலர் இதழ்களைத் தூவுவார் போல்வர். அனைவரும் இடைக்குக் கீழே முகிலில் மறைந்துள்ளனர்.

இம்மகளிர் யார் என்பது பற்றி அறிஞர் ஒருமித்த முடிபுக்கு வந்திலர். தொல்பொருள் ஆணையாளராய் 1890 முதல் 1912 வரை பணியாற்றிய பெல், இவர்கள் அரண்மனைப் பெண்டிர் என்றும், வடக்கே அண்மையிலுள்ள பிதுரங்கலை விகாரைக்கு மலர் கொண்டு வழிபடச் செல்கின்றனர் என்றும் கருதினார். யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் வழித்தோன்றலும் கீழைக் கலைகளின் பேரறிஞருமான ஆனந்த குமாரசுவாமி இவர்களை வானர மகளிர் என்றார். முகில் அவர் கூற்றுக்குத் துணையாகும். பரணவிதான, காசியப்பன் தன்னைக் குபேரனாகவும் குன்றை அளகாபுரியாகவும் பாவித்தான் என்றும், பொன்னிறத்தார் மின்னற் கன்னியர், கருநிறத்தார் மேக மாதர் என்றும் விளக்கினார். பிற்காலத்தில் ராஜா டி சில்வா, சீகிரியா ஓர் அரண்மனையே அன்று, துறவிகள் உறைவிடமே என்றும், இவர்கள் மகாயான பௌத்தத்தின் தாரா தேவியின் உருவங்கள் என்றும் வாதிட்டார்.

இக்கொள்கைகள் தம்முள் மாறுபடினும் ஒன்றில் உடன்படுகின்றன. மானிட மகளிராயின் மலர் விகாரைக்கு. வானவராயின் மலர் மண்ணுலகின்மீது பொழிவதற்கு. தாரா தேவியாயின் மலர் அருளின் குறி. எவ்வாறு கொள்ளினும் இம்மலர் வெற்று அலங்காரமன்று. தமிழ்நாட்டில் புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சித்தன்னவாசற் சமணக் குகையில், தாமரைத் தடாகத்தில் இறங்கி மலர் கொய்வார் ஓவியம் உண்டு. அதுவும் சமய நோக்குடைய காட்சியென்றே அறிஞர் கொள்வர். மலர் கொய்தலும் மலர் தூவலும் தென்னாட்டு ஓவியர்க்கு வழிபாட்டு மகிழ்ச்சியைக் காட்டும் மொழியாய் அமைந்தன போலும்.

மறுக்கப்பட்ட காணிக்கை

ஓவியம் மகிழ்ச்சியைக் காட்ட, ஏடு வேறொன்றைக் காட்டுகின்றது. காசியப்பன் தான் செய்தமைக்கு இரங்கினான் என்றும், இதனின்று விடுபடுவது எங்ஙனம் என எண்ணிப் பல நல்வினைகள் புரிந்தான் என்றும் சூளவமிசம் கூறும். நகரவாயில்கள்தோறும் தோட்டங்கள் அமைத்தான், நாடெங்கும் மாந்தோப்புகள் நட்டான், உபோசத விரதம் காத்தான், நூல்களை எழுதுவித்தான், படிமங்கள் செய்வித்தான், மறுமையை அஞ்சினான்.

அநுராதபுரத்தில், திசாவாவியின் அயலிலே, இசுரசமணம் என்னும் பழைய விகாரை இருந்தது. காசியப்பன் அதனைப் புதுக்கி, மானியம் பெருக்கி, தன் மகளிர் போதி, உப்பலவண்ணை என்னும் இருவர் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டான். இப்பெயர் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும் காணப்படுதலால் இச்செய்தி வெறுங்கதையன்று. அவ்விகாரையைத் தேரவாதப் பிக்குகளுக்கு அளிக்க முற்பட்டபோது அவர்கள் மறுத்தனர். தந்தையைக் கொன்றோனின் கொடையை ஏற்றனர் என்று மக்கள் பழிப்பர் என அஞ்சினர். மன்னன் அவ்விகாரையைப் புத்தர் படிமத்துக்கே உரிமையாக்கினான். அதன்பின், இஃது எம் ஆசானின் உடைமை என்று கூறிப் பிக்குகள் ஏற்றனர்.

பௌத்த நெறியில் தந்தைக்கொலை உடனடிப் பயன்தரும் ஐம்பெருங் கொடுவினைகளுள் ஒன்று. ஆயினும் தந்தை பிம்பிசாரனைக் கொன்ற அசாதசத்து, இராசகிருகத்தில் நடந்த முதலாம் சங்கத்துக்குப் புரவலனாய் இருந்தான் எனப் பௌத்த நூல்களே கூறுகின்றன. எனவே, கொலைபுரிந்தோன் கொடையை எக்காலும் ஏற்றலாகாது என்னும் விதி இருந்ததெனக் கொள்ளமுடியாது. ஈழத்துப் பிக்குகளைத் தடுத்தது உலகப் பழி. பொதுமக்களின் அறவுணர்ச்சி அத்துணை வலிமை வாய்ந்திருந்தது. முடியுடை மன்னன் கையிலிருந்த செல்வத்தைக் குடிமக்களின் வாய்ச்சொல் தடுத்து நிறுத்தியது.

இதற்கு முன்னர் அதே நூலில் மற்றொரு குறிப்பும் உண்டு. சேனாபதி மிகாரன் தன் பெயரால் ஒரு பிரிவேனாவையும், அபிசேகம் என்னும் பெயர்கொண்ட புத்தர் படிமத்துக்கு ஓர் இல்லத்தையும் அமைத்தான். கற்படிமத்துக்கு நடந்ததினும் பெரியதொரு திருமுழுக்கு விழாவை இதற்கு எடுக்க விரும்பினான். அதற்கு இசைவு கிட்டவில்லை. முறையான அரசன் ஆளும் நாளில் அதனைப் பெறுவோம் என்று மனத்தை அடக்கிக்கொண்டான். காசியப்பனை அரியணையேற்றியவனே, அவனை முறையான அரசனெனக் கருதவில்லை என்பது இதனாற் பெறப்படும். விழாவுக்கு ஏற்ற காலம் இதுவன்று என்னும் எண்ணம் குற்றவாளியின் உள்ளத்திலும் புகுந்திருந்தது.

சூளவமிசத்தின் இப்பகுதி பல நூற்றாண்டு பின்னர் எழுதப்பட்டது என்பதையும், மகாவிகாரைச் சார்புடையது என்பதையும் மறத்தலாகாது. தன் மரபினர் கொடையை மறுத்ததை விரித்துரைக்கும் அந்நூல், மன்னன் நியந்தித் தோட்டத்தில் அமைத்த மற்றொரு விகாரையைத் தம்மருசிப் பிரிவினர்க்கு அளித்தான் என ஓரடியிற் கடந்துசெல்கின்றது. ஆயினும் சார்புடைய நூலே, மன்னனின் கழிவிரக்கத்தையும் நல்வினைகளையும் மறைக்காது கூறுதல் கருதத்தக்கது.

எபிரேயத் தீர்க்கதரிசிகள்

இனி எபிரேயர்பாற் செல்வோம். பேர்சிவல் பாதிரியார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேற்கொண்ட தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் துணைநின்றார். ஆதலின் இத்தீர்க்கதரிசிகளின் நூல்கள் தமிழறிஞர்க்குப் புதியன அல்ல.

கி. மு. எட்டாம் நூற்றாண்டில் தெக்கோவா ஊரின் ஆட்டிடையனாகிய ஆமோஸ், வடநாட்டுப் பெத்தேல் என்னும் கோயிலூரிற் சென்று நின்றான். அங்கே பலியும் பாட்டும் யாழோசையும் குறைவற நடந்தன. வறியோரை அடிமையாய் விற்றும், வழக்கில் நீதியைப் புரட்டியும் ஈட்டிய செல்வத்தாலேயே அவ்விழாக்கள் நடந்தன. இறைவன் இவ்விழாக்களை வெறுக்கின்றான், பாட்டைக் கேளான், அவன் வேண்டுவது ஆற்றுநீர்போல் ஓடும் நீதியே என ஆமோஸ் முழங்கினான். எருசலேமில் ஏசாயாவும் அவ்வாறே, கைகளிற் குருதி நிறைந்திருக்கக் கை விரித்து வேண்டுவதாற் பயனில்லை, முதலிற் கழுவித் தூயராகுங்கள் என்றான். மீகா, ஆயிரம் ஆட்டுக்கடாக்களினும் நீதியும் இரக்கமும் பணிவும் பெரியன என்றான்.

இவர்களை விழாவின் பகைவரெனக் கருதுவது பிழை. ஏசாயாவின் நூலிலேயே, மீட்பின் ஊற்றுகளினின்று மகிழ்வோடு நீர் மொள்ளும் நாள் வரும் என்னும் வாக்கு உள்ளது. பிற்காலத்து யூதர் கூடாரப் பெருவிழாவில் நீர் மொண்டுவந்து பலிபீடத்தில் வார்க்கும் சடங்கோடு அவ்வாக்கை இணைத்தனர். அவ்விரவுகளில் கோயில் முற்றத்தில் விளக்கேற்றி ஆடிப் பாடினர். ஏழாம் நூற்றாண்டில் யோசியா மன்னன் காலத்தவனாகிய செப்பனியாவின் நூல், தொடக்கத்திற் கடுந்தண்டனையை உரைத்து, முடிவில் சீயோன் மகளைப் பாடி மகிழுமாறு அழைக்கின்றது. அங்கே மகிழ்பவர் மக்கள் மாத்திரமல்லர். இறைவனே தன் மக்கள்பொருட்டுப் பாடி மகிழ்கின்றான் என்பது அந்நூலின் அரிய கருத்து. செருக்குடையோர் நீங்க, எளியோரும் தாழ்மையுடையோரும் எஞ்சிய பின்னரே அம்மகிழ்ச்சி பிறக்கின்றது என்பதும் நோக்கத்தக்கது.

எருசலேம் கி. மு. 586 அளவிற் பாபிலோனியரால் அழிந்தது. மக்கள் சிறைப்பட்டனர். மீண்டுவந்தோர் கோயிலைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அழிவின் நினைவாக நோற்கும் நோன்பைத் தொடர்வதா எனச் சகரியாத் தீர்க்கதரிசியிடத்து வினவினர். அந்நோன்புகள் யாவும் களிப்பு மிக்க திருவிழாக்களாக மாறும் என்றும், ஆதலின் வாய்மையையும் அமைதியையும் விரும்புங்கள் என்றும் விடை வந்தது. துயரநாள் விழாநாளாகும், அதற்கு வாயில் வாய்மை. இதுவே அத்தீர்க்கதரிசிகளின் நெறி.

ஒப்பும் வேறுபாடும்

இருவிடத்தும் அடிப்படை ஒன்றே: அறம் தவறிய கையினின்று வரும் விழா ஏற்கப்படுவதில்லை. வேறுபாடும் உண்டு. எபிரேயரிடையே மறுப்பைச் சொன்னவன் கோயிலுக்குப் புறம்பான தனிமனிதன். அவன் இறைவனின் வாயாய் நின்று பேசினான். ஈழத்திலோ மறுத்தவர்கள் விகாரையினுள் இருந்தோர். அவர்கள் சுட்டியது மக்களின் பழிச்சொல்லை. ஆமோஸ் மறுத்ததோடு நின்றான். பெத்தேலின் குருவாகிய அமத்சியா அவனை ஊரைவிட்டுப் போகுமாறு பணித்தான். அநுராதபுரத்துப் பிக்குகளோ ஏற்பதற்கும் ஒரு வழியைக் கண்டனர்.

அவ்வழி சொற்சூழ்ச்சியே என ஒரு சாரார் கூறக்கூடும். அதே நிலம், அதே வருவாய், பெயர்தானே மாறியது? இக்கூற்றை எளிதில் ஒதுக்கமுடியாது. ஆயினும், கொடை மன்னனிடமிருந்து பிக்குகளுக்குச் செல்லும்போது அவன் புரவலனாகின்றான். அவர்கள் அவன் புகழுக்குக் கடன்பட்டவராகின்றனர். ஆசானின் படிமத்தின்முன் வைக்கும்போது அவன் அடியார்களுள் ஒருவனாகின்றான். அரசனென்னும் உயர்வைக் களைந்தபின்னரே அவன் காணிக்கைக்கு இடம் கிடைத்தது. தந்தைக்கொலை புரிந்தோனுக்கும் வழிபாட்டின் கதவை முற்றாக அடைக்காமலும், கொலையைச் சிறிதெனக் கொள்ளாமலும் நின்ற முடிபு இது.

தமிழ்ச் சைவ மரபும் இவ்விடத்தில் நினைவுக்கு வரும். திருவிளையாடற் புராணத்து மாபாதகம் தீர்த்த படலத்தில், தந்தையைக் கொன்ற கொடியோன் மதுரைச் சோமசுந்தரர் சந்நிதியை அடைகின்றான். அவன் கோபுரம் எழுப்பவில்லை, விழா எடுக்கவுமில்லை. பசுவுக்குப் புல் கொடுத்து, பொற்றாமரையில் நீராடி, கோயிலை வலம்வந்து வினை நீங்கினான். பூசலார் நாயனார் வரலாற்றிலோ, காஞ்சியிற் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கு நாள் ஒத்திவைக்கப்பட, பொருளற்ற அடியார் நினைவினாற் கட்டிய கோயிலில் இறைவன் எழுந்தருளினான். அரசனின் விழா தாழ்ந்து நிற்க எளியோன் விழா முந்தியது என்னும் கருத்து, பெத்தேலிலும் திருநின்றவூரிலும் ஒன்றாயிருத்தல் வியப்பன்று.

முடிவு

பதினெட்டு ஆண்டின் பின் மொகல்லானன் படையொடு திரும்பினான். போரில் காசியப்பன் ஏறிய யானை சேற்றுநிலத்தைக் கண்டு திரும்ப, அரசன் புறங்கொடுத்தான் எனப் படை சிதறியது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்து மாண்டான். தம்பி அவனுக்கு இறுதிக் கடன்களைச் செய்வித்து, அநுராதபுரம் சென்று முடிசூடினான். குன்றரணை விகாரையாக்கி மகாநாம தேரருக்கு அளித்தான். மகாவமிசத்தின் ஆசிரியர் இம்மகாநாமரே என்போரும் உளர். அளகாபுரியாகக் கற்பனை செய்யப்பட்ட குன்று மீண்டும் துறவிகளின் உறைவிடமாயிற்று. பின்னர் வந்த யாத்திரிகர், ஓவிய மகளிரைக் கண்ட களிப்பைக் கண்ணாடிச் சுவரிற் செய்யுளாக எழுதினர். அவற்றுள் 685ஐப் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையின. 1967இல் தீயோர் சிலர் இவ்வோவியங்களின்மீது வண்ணம் பூசிச் சிதைத்தபோது, பெருமுயற்சியால் அவை மீட்கப்பட்டன. 1982இல் யுனெஸ்கோ சீகிரியாவை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது.

காசியப்பன் வேண்டிய மகிழ்ச்சி அவனுக்குக் கிட்டியதா என்பதை ஓவியங்கள் சொல்லமாட்டா. ஏடு சொல்வது ஒன்றே: அவன் இறுதிவரை அஞ்சினான். அவன் மகளிர் பெயர் தாங்கிய விகாரை திசாவாவியின் அயலது. அவ்வாவிக்கு நீர் வருவது ஜயகங்கையால். ஜயகங்கைக்கு நீர் வருவது கலாவாவியால். தன் செல்வம் இதுவே எனத் தந்தை கையாற் காட்டிய நீரே மகனின் காணிக்கைத் தலத்தின் அருகே வந்து நின்றது. அநுராதபுரத்துக்கு வந்த எண்ணிறந்த யாத்திரிகர் திசாவாவியில் நீராடி, மலர் கொண்டு, மகிழ்ந்து வழிபட்டனர். மகிழ்வோடு நீர் மொள்ளும் நாளென எபிரேயத் தீர்க்கதரிசி கண்ட கனவுக்கு ஈழநாட்டில் ஒப்புக் காட்ட வேண்டின், குன்றின்மேல் எழுந்த கோநகரைக் காட்டிலும் அந்நீர்க்கரையே பொருந்தும். கலாவாவி இன்றும் வயல்களுக்கு நீர் தருகின்றது.